கடல்கட்டிக்கு எத்தனை பங்கு? ஓசிடிக்கு மூளைத் தூண்டல்: ஒரு விமர்சனக் குறிப்பு

போன வருஷம் பனிமயமாதா கோயில் திருவிழா சமயத்தில் மைனி போன் பண்ணினார். "தம்பி, வாட்ஸப்ல ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்கேன். படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. நகைய வைக்கலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளைக்குள்ள முடிவு பண்ணணும். அதுக்கப்புறம் தள்ளுபடி கிடையாதாம்."

நோட்டீஸ் ஏதோ ஒரு நகரத்து மையத்துடையது. பெயர் இங்கே வேண்டாம். தலையில் ஹெல்மெட் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு ஒருவர் சிரிக்கும் படம். ஓசிடிக்கு மூளைத் தூண்டல் சிகிச்சை, அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது, மருந்து வேண்டாம், வலி இல்லை, 30 அமர்வுகள். கீழே தொகை. அந்தத் தொகைக்கு மைனியின் கழுத்துச் செயினும் நாலு வளையலும் போகும்.

நான் மருத்துவன் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். அந்த ரெண்டு நாளிலும் அதற்குப் பிறகும் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூளைத் தூண்டல் ஏமாற்று வேலை இல்லை. ஆனால் அது யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்ற கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் நம்மிடம் விற்கப்படுகிறது. என் சண்டை அந்தக் குதித்தலோடுதான்.

அண்ணன்

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ஹார்பர் பக்கம் ஒரு யார்டில் டாலி பார்க்கிற வேலை. வருகிற போகிற கன்டெய்னரின் எண்ணையும் சீல் எண்ணையும் சரிபார்த்துக் குறிக்க வேண்டும். கன்டெய்னர் எண்ணில் நாலு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். அதில் ஏழாவது இலக்கம் சும்மா வருவதில்லை. முன்னால் உள்ள எழுத்தையும் எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டு வருகிற சரிபார்ப்பு இலக்கம் அது. எங்கேயாவது தப்பாகக் குறித்துவிட்டால் பெரும்பாலும் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிடும். உலகம் முழுக்கத் துறைமுகங்கள் அந்த ஒரு இலக்கத்தை நம்பி நிம்மதியாகத் தூங்குகின்றன. அண்ணனால் முடியவில்லை.

குறிப்பார், திரும்பிப் பார்ப்பார், செல்போனில் படம் எடுப்பார், படத்தைப் பெரிதாக்கிப் படிப்பார். ஷிப்ட் முடிந்து முத்தையாபுரம் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது அந்த எண்ணம் வரும்: சீல் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால்? உள்ளே ஆபத்தான சரக்கு இருந்து, அது வேறெங்கோ போய், யாராவது செத்துப்போனால்? அந்தச் சாவு என் கணக்கில்தானே? உடனே பைக்கை எடுத்துக்கொண்டு ஹார்பருக்கு. ஒரு ராத்திரியில் மூணு தடவை போயிருக்கிறார். வாட்ச்மேன் முதலில் சிரித்தாராம். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, பேசாமல் கேட்டைத் திறந்துவிட ஆரம்பித்தாராம்.

வீட்டில் இதை முதலில் யாரும் நோயாகப் பார்க்கவில்லை. "பொறுப்பான பையன்லா" என்றார்கள். மேலே உள்ளவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஓசிடி என்றால் அடிக்கடி கை கழுவுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று சொல்வது இந்த விதத்தில் பொருத்தமான பெயர். வேண்டாத எண்ணம் ஒன்று வருகிறது, அது தாங்க முடியாத பயத்தைத் தருகிறது, பயத்தைக் குறைக்க ஒரு செயலைச் செய்கிறோம், குறைகிறது. அந்தக் குறைவுதான் பிரச்சினையே. அடுத்த தடவை எண்ணம் வரும்போது அந்தச் செயலைச் செய்யாமல் இருக்க முடியாது.

கடல்கட்டி

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு எளிய வழி உண்டு. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். குளியாட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவதற்கு முன் அவர் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார். கடல்கட்டி இல்லாமல் குளிக்க இறங்கமாட்டோம் என்று ஆட்கள் சொல்லிவிடுவார்கள். அதனால் ஆங்கிலேய அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. அதற்கும் பல நூற்றாண்டு முன்னால், 13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீனுக்கு மந்திரம் போடுகிறவர்களுக்கு எடுத்த முத்தில் 20-ல் ஒரு பங்கு போகிறது என்று எழுதிவைத்தார்.

சுறா கடித்ததா? அபூர்வம். நூற்றுக்கணக்கான படகும் ஆயிரக்கணக்கான ஆளும் போடுகிற இரைச்சலில் சுறா கிட்டே வருவதே குறைவு. ஆனால் கடிக்காத ஒவ்வொரு நாளும் கடல்கட்டியின் கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டது. மந்திரம் போடாமல் ஒருநாள் இறங்கிப் பார்த்தால்தானே உண்மை தெரியும்? அந்த ஒருநாள் வரவே விடமாட்டார்கள்.

அண்ணனின் ராத்திரிப் பயணம் இதேதான். போய்ப் பார்த்தார், விபத்து நடக்கவில்லை. எனவே போய்ப் பார்த்ததால்தான் நடக்கவில்லை. அவருக்கு அவரே கடல்கட்டி.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டாலும் அதிலும் ஒரு கடல்கட்டி உட்கார்ந்திருப்பார். கருவி மேல் உள்ள நம்பிக்கை, வெள்ளைக் கோட்டு, ஆறு வாரம் யாரோ ஒருவர் அக்கறையாகக் கவனிப்பது, இவை எல்லாம் சேர்ந்து தருகிற பலன். அதை மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் விலை கொடுக்கும்போது எதில் எத்தனை பங்கு என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

இரண்டு வேறு சமாச்சாரங்கள்

மூளைத் தூண்டல் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிவிடுகிறார்கள். முதலில் அதைப் பிரித்துவிடுவோம்.

ஒன்று டிபிஎஸ். ஆழ்மூளைத் தூண்டல். மண்டையோட்டில் துளை போட்டு, மெல்லிய மின்முனையை மூளைக்குள் இறக்கி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரி வைத்து, இரண்டையும் கம்பியால் இணைப்பது. 1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் பெனாபிட் குழு கைநடுக்கத்துக்கு இதைச் செய்ததிலிருந்து இந்தக் காலத்து டிபிஎஸ் ஆரம்பிக்கிறது. ஓசிடிக்கு முதலில் செய்தது பெல்ஜியத்தில் நுட்டின் குழு. 1999-ல் லான்செட் இதழில் வந்த அந்த அறிக்கையில் இருந்தவர்கள் மொத்தம் 4 பேர். அதில் 3 பேருக்குப் பலன் தெரிந்தது.

இன்னொன்று டிஎம்எஸ். இதில் அறுவை இல்லை. தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளில் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பினால், அந்தக் காந்தப்புலம் உள்ளே மூளைப் பரப்பில் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்கும். உட்கார்ந்த இடத்தில் செய்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். மைனி அனுப்பிய நோட்டீஸ் இதைப் பற்றியது.

இரண்டும் குறிவைப்பது ஒரே சுற்றைத்தான். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையிலிருந்து உள்ளே அடிமூளைக் கருக்களுக்கும், அங்கிருந்து தலாமஸுக்கும், திரும்ப முன்மூளைக்கும் ஓடுகிற சுற்று. "ஏதோ தப்பு" என்ற சைகையும் "சரி, முடிந்தது" என்ற சைகையும் இந்தச் சுற்றில் சம்பந்தப்பட்டவை. ஓசிடி உள்ளவர்களில் இது அளவுக்கு மீறி ஓடுகிறது என்று மூளைப்படங்கள் காட்டுகின்றன. நம்பத்தகுந்த விளக்கம்தான். ஆனால் காரணம் புரிவதும் கருவி வேலை செய்வதும் வேறு வேறு. கருவி வேலை செய்கிறதா என்பதை எண்ணிக்கைதான் சொல்ல வேண்டும்.

நோட்டீஸும் ஆய்வும்

நோட்டீஸ் சொல்லும் எஃப்.டி.ஏ. அனுமதி உண்மை. 2018 ஆகஸ்டில் ஒரு குறிப்பிட்ட வகை டிஎம்எஸ் கருவிக்கு ஓசிடிக்காக அனுமதி கொடுத்தார்கள். அதற்கு ஆதாரமாக இருந்த ஆய்வு 2019-ல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வந்தது. கார்மி என்பவர் முதல் ஆசிரியர். 99 பேர். பாதிப் பேருக்கு உண்மையான தூண்டல், பாதிப் பேருக்குப் போலித் தூண்டல். ஆறு வாரத்தில் 29 அமர்வுகள்.

பலனை ஒய்-பாக்ஸ் என்ற அளவுகோலால் அளந்தார்கள். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. 16 முதல் 23 வரை நடுத்தரம், 24-க்கு மேல் கடுமை, 32-க்கு மேல் மிகக் கடுமை. உண்மைத் தூண்டல் பெற்றவர்களுக்குச் சராசரியாக 6 புள்ளி குறைந்தது. போலித் தூண்டலில் 3.3 புள்ளி. குறைந்தது 30 சதவீதம் முன்னேறியவர்கள் உண்மையில் 38 சதவீதம், போலியில் 11 சதவீதம்.

இதை நிதானமாகப் பாருங்கள். 6 புள்ளியில் 3.3 கடல்கட்டியின் பங்கு! மிச்சம் 2.7 காந்தத்தின் பங்கு. அதுவும் ஒரு பலன்தான், இல்லை என்று சொல்லவில்லை. கூடுதலாக ஒருவர் முன்னேற ஏறக்குறைய நாலு பேருக்குச் செய்ய வேண்டும் என்பது மருத்துவத்தில் கேவலமான கணக்கு இல்லை. ஆனால் அண்ணனின் மதிப்பு அப்போது 27. சராசரிப் பலன் கிடைத்தாலும் 21. ஹார்பருக்குப் போய்வருவது குறையலாம், நிற்காது. நோட்டீஸில் சிரிக்கிற முகம் 21-ல் இருக்கிற முகம் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, "மருந்து வேண்டாம்". அனுமதி கொடுக்கப்பட்டது துணைச் சிகிச்சையாக மட்டும். ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்த மருந்தையோ உளவியல் சிகிச்சையையோ நிறுத்தவில்லை. அதோடு சேர்த்துத்தான் தூண்டல். மருந்துக்குப் பதிலாக என்று சொல்ல அந்த ஆய்வில் ஒரு வரி ஆதாரம்கூடக் கிடையாது. இருக்கிற மருந்தை நிறுத்திவிட்டு ஒருவர் போனால் அவர் நிலைமை மோசமாகலாம்.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் அந்த ஆய்வில் நோயாளியின் பயத்தை வேண்டுமென்றே கிளறினார்கள். அவரவர் பயத்துக்கு ஏற்ற மாதிரி தூண்டிவிட்டு, அந்தப் பதற்றத்தில் சுற்று விழித்திருக்கும்போது காந்தத்தை வைத்தார்கள். அதாவது அண்ணனுக்கு என்றால் "இன்றைக்குக் குறித்த சீல் எண் சரிதானா?" என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பார்கள். நோட்டீஸில் இதைப் பற்றி மூச்சே இல்லை. எந்த வகைச் சுருள் என்றும் இல்லை. பயத்தைக் கிளறுகிற வேலையை விட்டுவிட்டு, வேறு ஒரு சுருளை வைத்து, இந்த ஆய்வின் 38 சதவீதத்தைக் காட்டினால் அதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

கம்பி வைத்த பிறகும்

டிபிஎஸ் பக்கம் எண்கள் பெரிதாக இருக்கின்றன. 2015-ல் அலோன்சோ குழு 31 ஆய்வுகளில் இருந்த 116 பேரைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. மதிப்பெண் சராசரியாக 45 சதவீதம் குறைந்தது. பத்துக்கு ஆறு பேர் நல்ல முன்னேற்றம். எதற்கும் அசையாமல் வருஷக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்களில் இது. சாதாரண விஷயம் இல்லை. ஆனால் உலகம் முழுக்க அத்தனை ஆண்டுகளில் சேர்ந்தது 116 பேர்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். மூளையில் இரத்தக் கசிவு, கிருமித் தொற்று, திடீரென்று ஏறுகிற மிதமிஞ்சிய உற்சாகம், இத்தனை அபாயங்களும் உண்டு. பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை.

எஃப்.டி.ஏ. 2009-ல் டிபிஎஸ்ஸுக்குக் கொடுத்ததும் முழு அனுமதி இல்லை. மனிதாபிமான விலக்கு என்று ஒரு தனி வழி. அமெரிக்காவில் ஆண்டுக்கு 4000 பேருக்குக் குறைவாகத் தேவைப்படும் கருவிகளுக்கு அப்போது இருந்த வழி அது. அதில் பலனை முழுமையாக நிரூபிக்க வேண்டியதில்லை. 2011-ல் இதைத் தவறான பயன்பாடு என்று கண்டித்து எழுதியவர்களில் நுட்டினும் ஒருவர். ஓசிடிக்கு முதலில் செய்த அதே நுட்டின். சொந்தக் கண்டுபிடிப்பைச் சந்தையின் அவசரத்திலிருந்து காப்பாற்ற நினைத்த அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

இன்னொன்று. 2010-ல் ஆம்ஸ்டர்டாமில் டெனிஸ் குழு 16 பேருக்கு டிபிஎஸ் செய்தது. 9 பேருக்கு நல்ல பலன். அந்தச் சிகிச்சையில் கம்பி வைத்ததோடு விடவில்லை. உளவியல் சிகிச்சையும் சேர்த்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் தூண்டலில் சீக்கிரம் இறங்கின. ஆனால் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களை விடுவிக்க அந்தப் பயிற்சி தேவைப்பட்டது. மூளைக்குள் கம்பி போன பிறகும் கடலில் இறங்க வேண்டியது ஆள்தான்.

மசியாத நோய் என்றால் என்ன?

இனி என் முக்கியமான புகாருக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சைகள் எல்லாம் "மற்றச் சிகிச்சைக்கு மசியாத" ஓசிடிக்கு என்று சொல்லப்படுகின்றன. மசியாத என்பது நோயாளியைப் பற்றிய சொல் மாதிரி இருக்கிறது. உண்மையில் அது அவருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதைப் பற்றிய சொல்.

டிபிஎஸ் ஆய்வுகளில் ஒருவரை மசியாதவர் என்று எழுத என்னென்ன வேண்டும் தெரியுமா? பொதுவாக, உரிய வகை மருந்துகள் ஒன்றுக்கு மேற்பட்டவை, ஒவ்வொன்றும் உயர்ந்த அளவில், ஏறத்தாழ 12 வாரம். அதோடு கூடுதல் மருந்து சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். அதோடு இஆர்பி என்ற உளவியல் சிகிச்சையை முறையாக எடுத்திருக்க வேண்டும்.

அண்ணன் எடுத்தது என்ன? ரெண்டு வருஷமாக செர்ட்ராலின் 50 மில்லிகிராம். மனச்சோர்வுக்கு அது போதலாம். ஓசிடிக்குப் பெரும்பாலும் அதிக அளவு வேண்டும், 200 வரைகூடப் போவதுண்டு, பலன் தெரிய 8 முதல் 12 வாரமும் ஆகும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அந்த அளவை யாரும் ஏற்றவே இல்லை. இஆர்பி என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. ஆனால் சீட்டில் "ரெசிஸ்டன்ட்" என்று எழுதியாகிவிட்டது. எந்த மருத்துவர் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நோட்டீஸ் வீட்டுக்குள் வந்தது, நகைப்பெட்டி வரைக்கும் வந்தது.

இஆர்பி என்பது என்ன? பயத்தை எதிர்கொள்வது, செயலைச் செய்யாமல் இருப்பது. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இரண்டு நோயாளிகளுக்கு இப்படிச் செய்து எழுதியதிலிருந்து இது வளர்ந்தது. எளிய பயத்திலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாக ஏற வேண்டும். பயம் உச்சிக்குப் போய், ஒன்றுமே செய்யாமல் தானாக இறங்குவதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். கடல்கட்டி இல்லாமல் ஒருநாள் இறங்கிப் பார்ப்பது.

2005-ல் ஃபோவா குழு வெளியிட்ட ஆய்வில் 122 பேர். இஆர்பி பெற்றவர்களில் 62 சதவீதம் பேருக்குப் பலன். க்ளோமிப்ரமின் மருந்தில் 42, இரண்டும் சேர்த்தால் 70, வெற்று மாத்திரையில் 8. 2013-ல் சிம்ப்சன் குழுவின் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கம். மருந்து எடுத்தும் போதாமல் இருந்த 100 பேர். அவர்களில் இஆர்பி சேர்த்தவர்களில் 80 சதவீதம் பேர் முன்னேறினார்கள். ரிஸ்பெரிடோன் மருந்தைச் சேர்த்தவர்களில் 23, வெற்று மாத்திரையில் 15. முன்னேற்றத்தின் அளவுகோல் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடும், நோயாளிகளும் வேறு. அதனால் இந்த எண்ணையும் டிஎம்எஸ் எண்ணையும் நேருக்கு நேர் நிறுத்தி ஓட்டப்பந்தயம் வைக்கக் கூடாது. ஆனால் எது முதலில், எது பிறகு என்று வரிசை சொல்ல இது போதும்.

சரி, அது எங்கே கிடைக்கும்? பெங்களூர் நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. தூத்துக்குடியில் ஹார்பர் ஷிப்ட் பார்க்கிற ஒருவர் வாரம் ஒருமுறை பெங்களூர் போக முடியுமா? இந்தக் கரையில் மனநோய் என்றாலே முன்பெல்லாம் நீண்ட பாதை ஒன்றுதான், ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் எரிந்து செத்தார்கள். அதற்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் வந்தது, மாத்திரை கிடைக்கிறது. ஆனால் சங்கிலிக்கும் காந்தத்துக்கும் நடுவில் இருக்க வேண்டிய, பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி தருகிற அந்த ஆள் இன்னும் எங்கள் பக்கம் அபூர்வம். நடுப்படியே இல்லாத ஏணியில் ஒருவரை நிற்க வைத்துவிட்டு, "நடுப்படியில் ஏறிப் பார்த்தும் முடியவில்லை" என்று எழுதுவது எப்படி நியாயம்?

சென்னையில் ஏற்கனவே நடந்தது

மூளையை நேரடியாகத் தொட்டு மனத்தைச் சரிசெய்வது நமக்கு இறக்குமதியான புதுச் சரக்கு இல்லை. 1950-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960-களில் அவரும் வி. பாலசுப்பிரமணியமும் டி.எஸ். கனகாவும் அங்கே செய்த வேலை உலக அளவில் பேசப்பட்டது. கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை நிபுணர் என்று சொல்லப்படுபவர். 1970-களிலேயே மூளைக்குள் நீண்ட நாள் இருக்கும் மின்முனைகளைப் பொருத்தியவர். இன்றைய டிபிஎஸ்ஸின் முன்னோடிகளில் அவரையும் வைக்க வேண்டும். இது நமக்குப் பெருமைதான்.

அதே குழு, அடக்க முடியாத ஆவேசமும் ஓயாத துறுதுறுப்பும் உள்ளவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, மூளையின் அமிக்டலா பகுதியில் சிறு புண் உண்டாக்கும் அறுவையைச் செய்தது. 1988-ல் ராமமூர்த்தி கொடுத்த கணக்கில் அப்படி 480-க்கும் மேற்பட்டவர்கள். ஓசிடி வேறு, இது வேறு. ஆனால் பாடம் பொது. இந்தத் துறைக்கு அவர்கள் வைத்த பெயர் "அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை". நோயாளியைச் சாந்தமாக்கி, சமாளிக்கக் கூடியவராக ஆக்குவது அதன் நோக்கம்.

யாருக்குச் சமாளிக்கக் கூடியவராக? வீட்டாருக்கும் வார்டுக்கும். அந்தக் காலத்தில் மருந்துகள் குறைவு. கட்டிப்போடுவதைத் தவிர வீட்டாருக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த மருத்துவர்களைக் கெட்டவர்களாகக் காட்ட எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் பலனை அளந்த கோல் அறுவைக்கு உள்ளானவரின் கையில் இல்லை. இன்றைய ஒய்-பாக்ஸில் எனக்குப் பிடித்தது இதுதான்: எவ்வளவு நேரம் போகிறது, எவ்வளவு தொந்தரவு, எவ்வளவு எதிர்க்க முடிகிறது என்று அவரிடமே கேட்கிறது.

நம் சட்டமும் அந்த வரலாற்றிலிருந்து கொஞ்சம் கற்றிருக்கிறது. 2017 மனநலச் சட்டத்தின் 96-ஆம் பிரிவுப்படி, மனநோய்க்கான மூளை அறுவைக்கு நோயாளியின் தெளிவான சம்மதமும் மனநல வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். வீட்டார் சம்மதம் போதாது. டிஎம்எஸ்ஸில் கத்தி இல்லை, எனவே இந்த வாசல் இல்லை. வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் மைனிக்கு வந்த மாதிரி, சம்மதம் கேட்கப்படுவது நோயாளியிடம் இல்லாமல் நகை வைத்திருக்கிறவரிடம் என்றால், பழைய கதை வேறு வேஷத்தில் வருகிறது. அந்த ரெண்டு நாளும் அண்ணனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான். மூணாவது நாள் கேட்டேன்.

"எனக்கு அந்த மிஷினெல்லாம் பயமில்லல. சரியா மாட்டலேன்னா என்ன ஆகும்னு திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருப்பேன், அதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு.

பிறகு

நகையை வைக்கவில்லை. வேறு ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அவர் மருந்தின் அளவைப் படிப்படியாக ஏற்றினார். (யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக ஏற்ற வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.) வெளியூரில் உள்ள ஒரு உளவியலாளர் வாரம் ஒருமுறை வீடியோவில் இஆர்பி சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு: கடலில் குளிக்கப் போகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க மச்சான்தான் இருக்க வேண்டும், தங்கச்சி தாலி அவன் கையில். இங்கே கயிறு பிடித்தது நானும் மைனியும். சொல்லித் தந்தது இவ்வளவுதான்: "சரியாத்தான் எழுதியிருப்பீங்க" என்று ஆறுதல் சொல்லக் கூடாது. அந்த ஆறுதலும் ஒரு கடல்கட்டி. "தப்பாக்கூட இருக்கலாம், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் ராத்திரி அவர் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மைனி அழுதுவிட்டார். ஒண்ணரை மணி நேரம். அப்புறம் தூங்கிப்போனார்.

அஞ்சு மாசத்தில் 27 என்பது 17 ஆனது. குணமாகவில்லை. நடுத்தரத்துக்கு இறங்கியிருக்கிறது. இதில் மருந்துக்கு எத்தனை, இஆர்பிக்கு எத்தனை, எங்கள் அக்கறைக்கு எத்தனை என்று பிரிக்க ஒருவரை வைத்து முடியாது. அண்ணன் கதை ஆதாரம் இல்லை, ஆதாரம் மேலே சொன்ன எண்கள்தான். இதற்கு மேல் இறங்காமல் நின்றுவிட்டால் டிஎம்எஸ்ஸை மறுபடி யோசிப்போம். அப்போது அது நியாயமான யோசனையாக இருக்கும், ஏனென்றால் நடுப்படியில் ஏறிப் பார்த்திருப்போம்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் மூணு கேள்வி கேளுங்கள். மருந்து உரிய அளவில் 12 வாரம் போனதா? இஆர்பி முறையாக நடந்ததா? அமர்வில் பயத்தைக் கிளறுவார்களா, எந்தச் சுருள்? முதல் இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் மூணாவதுக்குப் போகவே வேண்டாம். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

போன வாரம் அண்ணன் ஒரு ராத்திரி மறுபடி பைக்கை எடுத்தார். பாதி வழி போய்த் திரும்பி வந்துவிட்டதாக மைனி சொன்னார். பாதி வழி என்பதற்கு ஒய்-பாக்ஸில் தனி மதிப்பெண் கிடையாது. நான் என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.